மொட்டைமாடியில் வேர் பார்த்தவர்

நாற்பது பேர் கூடியிருந்த இடத்தில் என் சம்பந்தியம்மா என்னைப் பார்த்து, "சம்பந்தி, உட்காருங்க. நீங்க சொல்றது தப்பு" என்றார். அதுவும் நான் அவருக்காகப் பேசிக்கொண்டிருந்தபோது. எனக்காகப் பேசியிருந்தால்கூடத் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். அவர் பக்கம் நின்று, கழுத்து நரம்பு புடைக்க, இந்தம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை என்று கத்திக்கொண்டிருந்தவனை அவரே காலை வாரிவிட்டார். அதை வருஷக்கணக்காக மனசிலேயே வைத்திருந்தேன். இப்போதும் சுத்தமாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தம்மா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவரைப் பற்றி யாராவது எழுதி வைக்க வேண்டும் என்றால் நான்தான் எழுத வேண்டும். அவர் மகனுக்கு, அதாவது என் மாப்பிள்ளைக்கு, பஸ் ஓட்டவே நேரம் போதவில்லை. என் மகளோ மாமியார் பேச்சை எடுத்தாலே அழுதுவிடுகிறாள். மாமியாருக்காக இப்படி அழும் மருமகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பெற்றவன் எனக்கு அவள் இவ்வளவு அழுவாளா என்பதே சந்தேகம்தான்.

நான் பிளம்பர். குழாய், வடிகால், ஒழுகுகிற தளம், இதுதான் என் பிழைப்பு. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சின்ன வயசிலேயே ஒத்துப்போகவில்லை. அதனால் எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தியம்மா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் காய் நறுக்கியவர். காய் என்றால் பெரும்பாலும் வெங்காயம். கல்யாணமான சில வருஷத்திலேயே கணவர் போய்விட்டார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்தச் சமையலறையில் மூட்டை மூட்டையாக உரித்துத் தள்ளினார். "கண்ணு எரியாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எரியும். ஆனா அது ஒரு வசதி சம்பந்தி. அழ வேண்டியதுக்கெல்லாம் சேர்த்து அங்கேயே அழுதுட்டு வந்துடுவேன். யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. வீட்டுக்கு வந்து அழ மிச்சம் இருக்காது" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பிறகு கேன்டீனில் உரித்து நறுக்கிய வெங்காயமே பை பையாக வெளியிலிருந்து வர ஆரம்பித்தது. இவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கடைசி நாளில் மூலையில் முளைவிட்டுக் கிடந்த ஒரு கூடை வெங்காயத்தைக் குப்பையில் கொட்டப் போனார்களாம். "அதை எனக்குக் குடுங்க" என்று வாங்கி வந்து, தங்கள் கட்டடத்தின் மொட்டைமாடியில் நட்டுவிட்டார். அப்படி ஆரம்பித்ததுதான் அந்தப் பாத்தி.

அவர்கள் வீடு உச்சி மாடியில். அதற்கு மேலே மொட்டைமாடி. உடைந்த குளியல் தொட்டி ஒன்று, பழக்கூடைகள் பத்துப் பன்னிரண்டு, நடுவில் செங்கல் அடுக்கி பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன் மேல் ஒரு ஜாண் மண் போட்ட நீளப் பாத்தி. அதில் வெங்காயமும் அதன் சொந்தக்காரர்களும் தவிர வேறு ஒன்றும் கிடையாது. "ரெண்டு தக்காளி வச்சா என்ன?" என்று கேட்டால், "தக்காளி ஆழம் கேக்கும், கம்பு கேக்கும், கவனிப்பு கேக்கும். ஒரு ஜாண் மண்ணுல வாயைத் திறக்காம குடும்பம் நடத்துறது இவங்கதான்" என்பார்.

முதல்முதலாக நான் அந்த மாடிக்கு ஏறியபோது அவர் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சம்பந்தியம்மா, மீன் வளர்க்கிறீங்களா?"

"மீன் இல்ல, மீசை. வந்து பாருங்க."

கிண்ணத்தில் ஒரு வெங்காயச் செடி. மண் கழுவிய அதன் வேர் தண்ணீரில் வெள்ளை வெளேரென்று மிதந்தது. வாரத்துக்கு ஒரு நாள் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றைப் பிடுங்கி இப்படிப் பார்ப்பாராம். இலையைப் பார்த்து வெங்காயத்தின் உடம்பைச் சொல்ல முடியாது, அது பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. வேர் வெள்ளையாக இருந்தால் செடி நன்றாக இருக்கிறது. பழுப்பாக, வழவழவென்று இருந்தால் தண்ணீர் அதிகம்.

"இந்த அடித்தட்டைப் பாருங்க, சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். இதுதான் வெங்காயத்தோட தண்டு. மேல உருண்டையா இருக்கிறது பூரா இலை. இலையோட அடிப்பாகம் சாப்பாட்டைச் சேத்து வச்சு வீங்கியிருக்கு. நாம இலையைத் தின்னுட்டுக் கிழங்கைத் தின்னோம்னு நினைச்சுக்கிறோம்."

"அப்ப வேர்?"

"இந்தப் பொத்தான்லருந்து நூல் நூலா இறங்கும். ஆணிவேர் கிடையாது, கிளையும் அவ்வளவா பிரியாது. பழசு செத்துக்கிட்டே இருக்கும், புதுசு வந்துகிட்டே இருக்கும். பக்கத்துல களை முளைச்சாக்கூடச் சண்டை போடத் தெரியாது. அதான் கையால களை எடுக்குறேன்."

எனக்குக் குழாய்க்குள் புகுந்து அடைக்கும் மரவேர்தான் பழக்கம். அதை அறுத்து இழுத்தே என் தோள் போனது. ஊதினால் அறுந்துவிடும் போலிருந்த இந்த வேரைப் பார்த்ததும் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அவருக்கு அந்தச் செடிகள் எல்லாம் உறவுமுறை. பெரிய வெங்காயம், குளிருக்குப் பயந்து சட்டைக்கு மேல் சட்டை போட்ட ஒற்றை ஆள். சின்ன வெங்காயம், ஒன்றை நட்டால் ஒரு கொத்தாகப் பிரியும். தனிக்குடித்தனம் போகிறேன் என்று சொல்லிப் பக்கத்து வீட்டிலேயே குடியேறும் அண்ணன் தம்பிகள். பூண்டு, ஒரே போர்வைக்குள் படுத்திருக்கும் கூட்டுக் குடும்பம், ஆனால் உள்ளே ஆளுக்கொரு அறை, தாழ்ப்பாளோடு. உருண்டையே வைக்காமல் புல் மாதிரி வளர்கிற ஒரு வகையும் வைத்திருந்தார். வெட்ட வெட்ட வரும்.

"இது உங்க மாப்பிள்ளை" என்றார். "சம்பாதிக்கும், சேத்து வைக்காது."

"எனக்கு மாப்பிள்ளைன்னா உங்களுக்கு மகன்தானே?"

"கல்யாணம் வரைக்கும் மகன். அதுக்கப்புறம் உங்க பொறுப்பு. வித்த சரக்கைத் திருப்பி எடுக்கிறதில்லை."

எந்தப் பாகத்தையும் வீணாக்க மாட்டார். பூண்டு நடுவில் சுருண்டு வரும் பூந்தண்டைக் கிள்ளி வதக்குவார். வெங்காயப் பூவை உதிர்த்து மோரில் போடுவார். வெங்காயத் தாளை அறுத்துக் கட்டுக் கட்டாகத் தெருமுனையில் இருந்த மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பார். வேரையே கழுவி, உலர்த்தி, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து உப்புத் தூவி என் முன்னால் வைத்தார். "மீசையைத் தின்னு பாருங்க" என்றார். தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். அவர் வீட்டுக் குப்பைக்கூடையில் காய்ந்த தோல் மட்டும்தான் விழும்.

அந்த மூன்று கடைகளும்தான் அவருடைய தைரியம். மகனிடம் கைநீட்டாமல் வாழ வேண்டும் என்பதில் அப்படி ஒரு பிடிவாதம். மகன் கொடுக்க மாட்டான் என்று இல்லை. கேன்டீனிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட அன்று சும்மா உட்கார்ந்திருந்த அந்த ஒரு சாயங்காலத்தை அவர் கடைசி வரை மறக்கவில்லை. "அன்னிக்கு என் கையை எங்க வைக்கிறதுன்னே தெரியல சம்பந்தி" என்பார்.

கடைக்காரர்கள் அதிகம் கேட்டது நெட்டையனை. லீக்ஸ் என்பார்களே, அதற்கு அவர் வைத்த பேர். அதுவும் இந்தக் குடும்பம்தான். உருண்டை வைக்காது, தட்டையான இலை, மணிக்கட்டுப் பருமனில் நீள வெள்ளைத் தண்டு. அந்த வெள்ளைதான் விலை போகும் பாகம். அது வெள்ளையாக இருக்க வேண்டும் என்றால் வெயில் படக் கூடாது. செடி வளர வளர மண்ணை அணைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு ஜாண் மண்ணில் அது ஆகிற காரியமா? அதற்காகக் கைப்பிடிச் சுவர் ஓரமாகத் தனி வரிசை போட்டு, சுவரையே ஒரு பக்க அணையாக வைத்து, முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் குவித்திருந்தார். அதைப் பார்த்து நானும் "அட, நல்ல யோசனை" என்று சொன்னவன்தான்.

ஒரு மழைக்காலத்தில் தையல்காரர் வீட்டில் ஒழுக ஆரம்பித்தது.

தையல்காரர் பக்கத்து வீடு. பாத்தி சரியாக அவர் தலைக்கு மேல். வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைப்பவர். ஒருநாள் காலையில் கல்யாணத்துக்குத் தைத்து வைத்த வெள்ளைத் துணியின் மேல் பழுப்பாக ஒரு சொட்டு. அப்புறம் ஒரு கோடு. துணியைக் கையில் பிடித்துக்கொண்டே மாடிக்கு ஏறி வந்து சத்தம் போட்டார்.

"வெங்காயக்காரம்மா! உங்க செடியோட வேர் என் வீட்டு உத்தரத்துல எட்டிப் பாக்குது! நான் தைக்கவா, இல்ல குடை பிடிச்சுக்கிட்டு உக்காரவா?"

அவர் கோபம் நியாயம்தான். நான் அவர் இடத்தில் இருந்தால் மண்வெட்டியோடு ஏறியிருப்பேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார். பாத்தியை எடுப்பதா வேண்டாமா என்பது ஒன்றுதான் பேச்சு. எடுத்துவிட்டால் மூன்று கடையும் போகும், சம்பந்தியம்மா மறுபடி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார வேண்டும்.

என் மகள் போன் செய்தாள். "அப்பா, நீங்க வந்து பாருங்க. அத்தை வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க. சாப்பாடும் இறங்கல."

போனேன். நடுப்பாத்தியில் நாலு இடத்தில் மண்ணை விலக்கி, பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் பார்த்தேன். வேர் எல்லாம் தாளுக்கு மேலேயே பாய் விரித்த மாதிரி படர்ந்து நின்றுவிட்டது. ஒரு நூல்கூடக் கீழே இறங்கவில்லை. தளம் காய்ந்து கிடந்தது. நெட்டையன் வரிசையைத் தொடப் போனபோது சம்பந்தியம்மா, "அதை மட்டும் கலைச்சுடாதீங்க, அடுத்த வாரம் கடைக்குக் குடுக்கணும்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். "கவலைப்படாதீங்க. வெங்காய வேருக்குத் தளத்தைத் துளைக்கிற வக்கு கிடையாது. ஞாயித்துக்கிழமை நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கூட்டம் கட்டடத்துக்குக் கீழே, வண்டி நிறுத்துமிடத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள், குழந்தைகளின் சத்தம். சம்பந்தியம்மாவைக் காணோம். பயந்துபோய் வரவில்லை போலிருக்கிறது என்று நானே ஆரம்பித்துவிட்டேன். தண்ணீர் ஓடத் தளத்துக்கு விட்ட வாட்டம், பூச்சின் வயசு, வெங்காய வேரின் நீளம் எல்லாம் எடுத்துவிட்டேன். கூட்டம் கொஞ்சம் என் பக்கம் சாய்ந்தது. செயலாளர்கூடத் தலையை ஆட்டினார். "இத்தனை வருஷ அனுபவத்துல சொல்றேன். அந்தப் பாத்திக்கும் இந்த ஒழுகலுக்கும் சம்பந்தமே இல்ல" என்று நான் கையை ஓங்கிச் சொல்லும்போதுதான் அவர் படி இறங்கி வந்தார். புடவை முழங்கால் வரை சேறு. கையில் ஒரு நெட்டையன்.

"சம்பந்தி, உட்காருங்க. நீங்க சொல்றது தப்பு."

நான் உட்காரவில்லை. உட்கார மறந்து நின்றேன்.

அவர் நெட்டையனைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தார். வெங்காயத்துக்கு இருக்கும் மீசை இல்லை அது. அடர்ந்த தாடி. முழங்கை நீளத்துக்கு இறங்கி, நுனியில் சிமெண்டுத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"வெங்காயம் ஒண்ணும் பண்ணல. இவன்தான். இவனுக்கு மண் அணைக்கிறேன்னு சுவரோரம் குவிச்சேன். அது தண்ணி ஓடுற வாய்க்கால். குழாய் வாயையே மூடியிருக்கேன். வேர் குழாயைச் சுத்தி இருந்த விரிசல்ல போய் அடைச்சுக்கிச்சு. தண்ணி தேங்கிக் கீழ இறங்கியிருக்கு. தப்பு செடி மேலகூட இல்ல, நான் குவிச்ச மண் மேல."

தையல்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏம்மா, உங்க சம்பந்தி உங்களைக் காப்பாத்திட்டாரே. நீங்க ஏன் குறுக்க வந்தீங்க?"

"நாளைக்கு மழை பேஞ்சா உங்க தலையிலதானே விழும்? அப்ப அவர் வந்து குடை பிடிப்பாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மகள் சமைத்து வைத்திருந்தாள், சாப்பிடவில்லை.

கூட்டத்தின் முடிவைச் சாயங்காலம் மகள் போனில் சொன்னாள். எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று சிலர் கடைசிவரை நின்றார்களாம். தையல்காரர்தான், "தானே வந்து சொன்னவங்களை எப்படி எடுக்கச் சொல்றது? நெட்டையன் போகட்டும், மத்ததைத் தளத்துல படாம வச்சுக்கட்டும்" என்றாராம். அதோடு இன்னொன்றும் சொன்னாள். அன்று விடிந்ததும் அத்தை மாடிக்குப் போய் நெட்டையன் வரிசையை மட்டும் இல்லை, நடுப்பாத்தி, கூடை, தொட்டி என்று ஒன்று விடாமல் பிடுங்கிப் பார்த்திருக்கிறார். வெங்காயம் அப்போது கோலிக்குண்டு அளவுதான். இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தால் தேறியிருக்கும். மொத்த விளைச்சலும் போனது. "ஏன் அத்தை எல்லாத்தையும்?" என்று இவள் அலறியதற்கு, "உங்கப்பா நாலு இடம் பாத்துட்டு நாற்பது பேர் முன்னாடி சத்தியம் பண்ணப் போறார். மிச்சத்தை நான் பாக்க வேணாமா?" என்றாராம்.

சரி, நல்லதுக்கே செய்ததாக இருக்கட்டும். படி இறங்கி வந்து என் காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம் இல்லையா? இதை நான் அவரிடமே கேட்டேன், வாய்க்காலைச் சரி செய்யப் போனபோது. போகாமல் எப்படி இருப்பது? மகள் வீட்டுக் கூரை.

"உங்களுக்கு என் மேல கோவம்" என்றார்.

"அப்படியெல்லாம் இல்ல. காதுல சொல்லியிருக்கலாம்."

"காதுல சொன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

யோசித்தேன். "அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லியிருப்பேன்."

"அதான்" என்றார். சுத்தியலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

குழாயைச் சுற்றி உடைத்து, வேரைப் பிடுங்கி, புதுப் பூச்சுப் பூசி, வாட்டம் பார்த்து வாய்க்காலைத் திறந்துவிட்டேன். இரும்புச் சட்டம் அடித்துக் கூடைகளையும் பாத்தியையும் இடுப்பு உயரத்துக்குத் தூக்கினேன், கீழே ஆள் புகுந்து கூட்டுகிற மாதிரி. அவரோ தையல்காரர் வீட்டுக்கு ஏணியோடு போய், கறை படிந்த உத்தரத்துக்குத் தன் கையாலேயே வெள்ளையடித்தார். தையல்காரர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, "இறங்குங்கம்மா, விழுந்து வச்சா அதுக்கும் எனக்குத்தான் கெட்ட பேர்" என்று முனகிக்கொண்டே இருந்தார்.

பிடுங்கிப் போட்ட குட்டி வெங்காயத்தை அவர் தூக்கி எறியவில்லை. தாளும் வேருமாக முழுசாகவே கழுவிக் கடைகளுக்குக் கொண்டுபோனார். "இந்தத் தடவை இதுதான்" என்று உண்மையைச் சொல்லிக் கொடுத்தார். ஒரு கடைக்காரர் முறைத்துக்கொண்டு வாங்குவதையே நிறுத்திவிட்டார். மற்ற இரண்டு பேர் வாங்கினார்கள். அடுத்த பட்டத்தில் அந்த இரண்டு பேருக்காக மறுபடி நட்டார். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் அந்த மாடியிலிருந்து தாள் இறங்காத வாரம் கிடையாது. மகனிடம் ஒருநாளும் கை நீட்டவில்லை. என் மகள் வேலைக்குப் போகும் முன்னால் அவரோடு மாடிக்கு ஏறி, கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து வைக்கப் பழகிக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமை. என் கையில் ஸ்பானரை அவள் ஒருநாளும் எடுத்துக் கொடுத்ததில்லை.

போன வருஷம் அவருக்கு இதயம் தளர்ந்துவிட்டது. படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிறகு கட்டிலை விட்டே இறங்க முடியவில்லை. நான் பார்க்கப் போனபோது மகள் கடைசி விளைச்சலை எடுத்து முடித்து, வெங்காயத்தைக் கூடத்தில் பரப்பி உலர்த்தியிருந்தாள். வீடெல்லாம் அந்த வாசம். கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மேல எல்லாம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு சம்பந்தியம்மா."

"உங்க மக இனிமே தானே நடத்துறேங்கிறா. கேட்டீங்களா?"

"கேட்டேன். உங்க பிடிவாதம் அவளுக்கும் தொத்திக்கிச்சு."

சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"சம்பந்தி, ஒரு வேலை இருக்கு. குழாய் வாயை அடைச்சு, தளம் பூராவும் தண்ணி கட்டுங்க. ஒரு பகல் நிக்கட்டும்."

"எதுக்கு? இத்தனை மழை பேஞ்சிருக்கு. ஒரு சொட்டு இறங்கலையே."

"மழை ஓடிடும். நின்னாத்தானே தெரியும்? ஒழுகுற தளத்தை உங்க மக தலையில கட்டிட்டு நான் போக மாட்டேன்."

"சரி. கட்டிட்டு நானே கீழ போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"நீங்க பாக்காதீங்க" என்றார். கையை எடுத்து என் கைமேல் வைத்தார். காய்ப்புக் காய்த்த கை, ஈரமே இல்லாமல் இருந்தது. "உங்க கண்ணு என் பக்கம் சாயும். தையல்காரரை அண்ணாந்து பாக்கச் சொல்லுங்க. அவர் என்ன சொல்றாரோ, அதை அப்படியே வந்து எங்கிட்ட சொல்லுங்க."